கோடம்பாக்கத்துக்குச் சாட்சி சொன்னவர்

கோடம்பாக்கம் என்ற பெயரைக் கேட்டாலே கனகசுந்தரத்தாருக்குப் பற்றிக்கொண்டு வரும். திருகோணமலையில் அவரைக் கண்டவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். சலூனில் தலையைக் குனிந்துகொண்டிருக்கும்போது கேட்டார்கள். ஆசுபத்திரியில் மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது கேட்டார்கள். ஒருமுறை செத்தவீட்டில், பிரேதம் எடுக்க முன்னரே, ஒருவன் பக்கத்தில் வந்து குந்திக் காதுக்குள் கேட்டான்:

"அண்ணை, நீங்கள் அங்க போனனீங்கள்தானே? நடிகையள் பாலிலதான் குளிக்கிறவையாம். மெய்யோ?"

"பாலோ? அங்க குளிக்கத் தண்ணியே இல்லையடா!"

கேட்டவனுடைய முகம் வாடிப் போயிற்று. கனகசுந்தரத்தார் பொறாமையில் கதைக்கிறார் என்று அவன் சுடலைவரை சொல்லிக்கொண்டு போனான்.

இத்தனைக்கும் அவருடைய வாய்ச்சொல்லை நம்பித்தான் துறைமுகத்தில் கப்பல்கள் அசைந்தன. ஆழம் பார்க்கிற படகில் அவருக்கு வேலை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் இறக்கி, குண்டு தரையைத் தொட்டதும் ஆழம் இத்தனை பாகம் என்று கூவ வேண்டும். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை போகும்வரை அவர்களுக்குக் கூவினார். போன பிறகு நம்முடைய ஆட்களுக்குக் கூவினார். ஆறரைப் பாகம் என்று அவர் சொன்னால் எந்தக் கப்டனும் "மெய்யோ?" என்று திருப்பிக் கேட்டதில்லை. பாலையூற்றில் அவருடைய ஒழுங்கையில் இருந்தவர்களுக்குத்தான் அவருடைய வாயில் நம்பிக்கை இல்லை.

அவர் கோடம்பாக்கத்தில் நின்றது மொத்தம் மூன்று பின்னேரங்கள். அதற்கு ஆயுள் முழுவதும் "கோடம்பாக்கத்தார்" என்ற பட்டம். அவருடைய மனைவி இராசமலருக்குக் கண் மங்கி, ஒப்பரேசனுக்காக மதராஸ் போனார்களே, அதை எவராவது கேட்டார்களா? கண் எப்படி இருக்கிறது என்று ஒரு சனமும் கேட்கவில்லை.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மரியம்மா வேலியடிக்கு வந்து நின்றார். அவர் விதவை. மாதா கோயில் பீடத்துத் துணிகளையும் சுவாமியாரின் வெள்ளை அங்கிகளையும் தோய்த்து, கஞ்சி போட்டு, பெட்டியால் தேய்த்து மினுக்கிக் கொடுப்பவர். அவருக்கு ஒரே பிள்ளை சிறில். கடற்படைக் கன்ரீனில் மேசைக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தவன், கடற்படை போனதும் வேலையில்லாமல் நின்றான். அடுத்த வருடம் சிலுவைப்பாட்டைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் அவன் பிலாத்துவாக வந்து கை கழுவிய அழகைப் பார்த்துச் சனம் கை தட்டியது. கை தட்டல் தலைக்கேறிவிட்டது. அடுத்த மாதமே தலைமன்னாரில் கப்பலேறிக் கோடம்பாக்கம் போய்விட்டான். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"தம்பி, அவனை ஒருக்காப் பாத்து, என்ன செய்யிறான் எண்டு மட்டும் வந்து சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றார் மரியம்மா.

ஆசுபத்திரியில் இராசமலரின் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். இவர் பின்னேரங்களில் மின்சார ரயிலேறிக் கோடம்பாக்கம் போனார். முதல் நாள் இறங்கிக் கொஞ்சத்தூரம் நடந்தவர் ரயில் கேற்றடியில் மாட்டிக்கொண்டார். கேற் பூட்டியிருந்தது. மாட்டு வண்டியும் பஸ்சும் காரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. புழுதி மூக்கை அடைத்தது. கோடம்பாக்கம் எங்கே என்று ஒருவரிடம் கேட்டார். "இதுதான் சார்" என்றார் அந்த மனிதர். திடீரென்று சனம் ஒரு காரைச் சுற்றி மொய்த்தது. உள்ளே யாரோ ஒரு கதாநாயகன் என்றார்கள். சனத்துக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றி விட்டு, அந்தச் சித்திரை வெயிலுக்குள் கதாநாயகன் அவிந்துகொண்டிருந்தார். துவாயால் கழுத்தைத் துடைத்தபடி, கேற் எப்போது திறப்பார்கள் என்று அழாக்குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் ஒரு ஸ்டூடியோ வாசலுக்குப் போனார். மதிலோரமாக ஐம்பது பேராவது குந்தியிருந்தார்கள். விடிய வந்து, பவுடர் பூசி, கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்களாம். பவுடர் வேர்வையில் கரைந்து சட்டைக் கழுத்தில் இறங்கியிருந்தது. கதவு திறந்தபோது அரண்மனையின் பின்பக்கம் தெரிந்தது. சாக்கும் பலகையும் ஆணியும். கிரீடம் வைத்த ஓர் அரசர் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்து, இலையில் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தார். கனகசுந்தரத்தாருக்குக் கோபம் வந்தது. இதற்கா நம்முடைய சனம் தியேட்டர் கலரியில் அடிபட்டு, சட்டை கிழிந்து, ரிக்கற் எடுக்கிறது?

மூன்றாம் நாள் சிறிலைக் கண்டுபிடித்தார். அந்த வாசலுக்கு எதிரில், ஒரு தகரக் கொட்டிலில், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றான். இவரைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"மாமா!"

"என்னடா இது?"

"இந்த ஒரு வரியத்தில ஒருக்கா வேஷம் போட்டனான். வேல் பிடிச்சு நிக்கிற வேலை. மழை வந்து நிப்பாட்டிப் போட்டாங்கள். பிறகு ஆரும் கூப்பிடேல்லை."

"அப்ப வெளிக்கிடு, என்னோட வீட்ட வா."

"என்னெண்டு வாறது? ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டு வந்தனான். மாமா, அம்மாட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. கேட்டா உடைஞ்சு போவா."

அவன் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். திறமான தேத்தண்ணி. கோடம்பாக்கத்தில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான் என்பதைக் கனகசுந்தரத்தார் கடைசிவரை மறுத்ததில்லை.

திரும்பி வரும்போது கப்பலில் யோசித்து ஒரு முடிவு எடுத்திருந்தார். மரியம்மாவைத் தனியக் கூப்பிட்டு, ஆறுதலாக, பொடியன் சுகமாக இருக்கிறான், நடிப்புச் சரிவரவில்லை, கௌரவமாக ஒரு தொழில் செய்கிறான் என்று பக்குவமாகச் சொல்லிவிடுவது. நல்ல முடிவுதான். ஆனால் மூன்று நாள் ரயிலிலும் கப்பலிலும் இடிபட்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினால், வீட்டு வாசல் படலையடியில் அரை ஊர் நிற்கிறது. முன்னுக்கு மரியம்மா.

"தம்பி, என்ர பிள்ளை படத்தில வாறானோ?"

அத்தனை கண்களும் அவருடைய வாயைப் பார்த்தன. உடம்பெல்லாம் ரயில் கரி. குளித்தால் போதும் என்றிருந்தது.

"ஓம்" என்றார்.

அதுவரை ஆயுளில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். கோடம்பாக்கத்தைப் பற்றி அவர் சொன்னவற்றில் ஊர் நம்பியதும் அதை மட்டும்தான்.

இரண்டு கிழமைக்குள் புதுப்படம் ஒன்று வந்தது. லவுட்ஸ்பீக்கர் கட்டிய கார் ஒழுங்கைக்குள் வந்து நோட்டீஸ் எறிந்துவிட்டுப் போன கையோடு மரியம்மா கதவில் தட்டினார்.

"தம்பி, வெளிக்கிடுங்கோ. நீங்கள்தானே அவனைக் கடைசியாப் பாத்தனீங்கள். எனக்கு அடையாளம் காட்டுங்கோ."

தலையிடி என்று சொல்லிப் பார்த்தார். இராசமலர் விடவில்லை. "போட்டு வாங்கோவன், பாவம் மனுசி" என்றாள். அன்றைக்குத் தொடங்கியது. படம் மாறும் ஒவ்வொரு முறையும், ஞாயிறு மற்றினிக் காட்சிக்கு, மரியம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அவர் இருந்தாக வேண்டும். அவருக்குப் படமே பிடிக்காது. அரண்மனை வந்தால் பின்னால் நிற்கிற சாக்கும் ஆணியும் மனதில் தெரியும். அரசர் அழுதால் தயிர்ச்சோறு நினைவுக்கு வரும். மூன்று மணித்தியாலம் மூட்டைப்பூச்சிக் கடி வேறு.

அடையாளம் காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மரியம்மாவே கண்டுபிடித்துவிடுவார். சந்தைக் காட்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவன். படகு வலிப்பவர்களில் கடைசி ஆள். கலியாண வீட்டில் பந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன். "அந்தா, அந்தா! அவன்தானே, தம்பி?" என்று கையைப் பிடித்து உலுக்குவார். அவர் பதில் சொல்வதற்குள் காட்சி மாறியிருக்கும். மரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெலிஞ்சு போனான்" என்பார்.

வீட்டுக்குப் போனதும் அந்தப் படத்தின் நோட்டீசை நாலாக மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைப்பார். புத்தகம் வருடா வருடம் பருத்துக்கொண்டு வந்தது. கடைசியில் மூட முடியாமல் ஒரு ரிபனால் கட்டினார்.

அறுபத்திரண்டில் ஒருநாள் கனகசுந்தரத்தார் பொறுக்க முடியாமல் நேரே போய்ச் சொன்னார். மரியம்மா சுவாமியாரின் அங்கியை மினுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது பொய். சிறில் படத்தில நடிக்கேல்லை. அங்க தேத்தண்ணிக் கடையில நிக்கிறான்."

மரியம்மா மினுக்குப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உங்களுக்குக் கோடம்பாக்கத்தில ஒண்டுமே பிடிக்காது, தம்பி. தண்ணி இல்லை எண்டுறியள், புழுதி எண்டுறியள், ராசா வாளியில இருந்தார் எண்டுறியள். என்ர பிள்ளையை மட்டும் விட்டு வைப்பியளோ?"

 உண்மையை மட்டுமே சொல்லிச் சொல்லி, உண்மை சொன்னால் எவரும் நம்பாத மனிதராக அவர் ஆகிவிட்டிருந்தார். வீட்டுக்கு வந்து, சும்மா நின்ற பூனையை ஏசினார்.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் தியேட்டரின் கூரை பறந்துபோனது. அவருடைய சொந்த வீட்டு ஓடுகளும்தான் போயின, கிடுகுக்கும் தகரத்துக்கும் நாயாய் அலைந்தார். இருந்தாலும் கூரை போட்டு முடிக்கும்வரை படம் இல்லாத அந்த மாதங்கள் அவருடைய வாழ்வின் நிம்மதியான மாதங்கள்.

அறுபத்தாறில் சிறில் வந்து சேர்ந்தான். கார்ட்போட் பெட்டி ஒன்று, முன்னந்தலையில் மயிர் கொட்டி, முப்பது வயதில் நாற்பது மதிக்கிற முகம். மரியம்மா கட்டிப்பிடித்து அழுதார். ஊர் திரண்டு வந்தது. எந்த நடிகையோடு நின்று படமெடுத்தாய், எத்தனை கார், என்று கேள்வி மேல் கேள்வி. சிறில் விழித்தான். வேலிக்கு மேலால் கனகசுந்தரத்தாரைப் பார்த்த பார்வையில், என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது தெரிந்தது.

சிறில் நடிக்கப் போன ஆசையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு அடுப்பும் ஒரு கேத்தலும்தான். துறைமுகத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஸெய்னுதீன் நாநாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. சிறில் ஊற்றிய ஒரு கோப்பையைக் குடித்துப் பார்த்தவர், "நாளைக்கே வந்து நில்லு மகன்" என்றார்.

மரியம்மா விடவில்லை.

"நடிகன் தேத்தண்ணி ஆத்துறதோ? சனம் என்ன சொல்லும்? நீ களைப்பாறிப்போட்டுத் திரும்பிப் போ. உனக்காக அங்க படம் காத்துக்கொண்டு நிக்கும்."

"அம்மா, நான் நடிகன் இல்லை. அங்கயும் இதுதான் செய்தனான்."

மரியம்மா செபப்புத்தகத்தை எடுத்து ரிபனை அவிழ்த்தார். நோட்டீசுகளை ஒவ்வொன்றாக விரித்துக் கட்டிலில் பரப்பினார். "இதில நீ இல்லையோ? இதில? இதில முதுகு காட்டிக்கொண்டு போனது ஆர்? கனகசுந்தரம் தம்பியைக் கேள், அவர் பக்கத்தில இருந்து பாத்தவர்."

அடுத்த நாள் காலை சிறில் துறைமுக ஜெற்றிக்கு வந்து கனகசுந்தரத்தாரைப் பிடித்தான். "மாமா, எனக்கு இஞ்ச இருக்க ஏலாது. சும்மா இருக்கவும் விடமாட்டா, வேலை செய்யவும் விடமாட்டா. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலைக் கன்ரீனில ஆள் கேக்கிறாங்கள். இந்த மாதம் முடியப் போறன்."

"திரும்பி வந்து ஒரு மாதமாகேல்லை. அதுக்குள்ள மனுசியை விட்டுட்டு..."

"என்ர அம்மாவுக்கு என்னைத் தெரியேல்லை, மாமா. அந்த நோட்டீசில இருக்கிறவனைத்தான் தெரியுது."

கனகசுந்தரத்தார் அன்று முழுவதும் கயிற்றை இறக்கி இழுத்தார், மனம் தண்ணீரில் இல்லை. ஒரு "ஓம்" சொன்னதற்கு ஏழு வருடம் மூட்டைப்பூச்சிக் கடி வாங்கினார், சரி. அதற்காக ஒரு தாயும் பிள்ளையும் பிரிவதா? இதை முடித்துவைக்க வேண்டியது தான்தான் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த ஞாயிறு புதுப்படம். இந்த முறை மரியம்மா கூப்பிட முன்னரே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். சிறிலையும் இழுத்துக்கொண்டு போனார். திரையில் யாரையாவது காட்டட்டும், பக்கத்தில் இருக்கிற உண்மையான ஆளைக் காட்டி அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடலாம் என்பது அவருடைய திட்டம்.

மரியம்மா நடுவில் இருந்தார். ஒரு பக்கம் கனகசுந்தரத்தார், மறுபக்கம் சிறில். அரண்மனை வந்தது. வாசலில் வேலோடு இரண்டு காவலாளிகள் நின்றார்கள்.

"அந்தா!" மரியம்மா கனகசுந்தரத்தாரின் கையை உலுக்கினார். "வலக்கைப் பக்கம் நிக்கிறவன். சிறில்தானே, தம்பி?"

பெற்ற பிள்ளை தோளில் தோள் முட்ட இருக்கிறான். மனுசி அவனைத் திரையில் தேடுகிறது! ஏழு வருடத்து எரிச்சல் முழுவதும் தலைக்கு ஏற, கனகசுந்தரத்தார் எழும்பியே விட்டார்.

"அக்கா! சிறில் இஞ்ச இருக்கிறான்! உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறான்! அது ஆரோ ஒருத்தன்! ஒரு படத்திலயும் இவன் இல்லை! ஒண்டிலயும் இல்லை!"

"கோடம்பாக்கத்தார், இருங்கோ! மறைக்குது!" என்று கலரியில் இருந்து ஒருவன் கத்தினான். யாரோ விசிலடித்தார்கள்.

அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். திரை வெளிச்சத்தில் மரியம்மாவின் முகம் தெரிந்தது. அவர் கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரின்ர பிள்ளையளைப் பாத்து அழுதனான், தம்பி?"

மெதுவாகத்தான் கேட்டார்.   கனகசுந்தரத்தார் தான் சொல்ல வேண்டும் என்று ஏழு வருடமாகத் துடித்த உண்மையைச் சொல்லி முடித்திருந்தார். ஆனால் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. மரியம்மாவின் கை இன்னும் அவருடைய கையில்தான் இருந்தது. குளிர்ந்து போயிருந்தது.

சிறில் குனிந்தான்.

"மாமா சும்மா சொல்லுறார், அம்மா. அது நான்தான். வேல் பிடிச்சு நிண்டனான். கால் உளைஞ்சு போச்சுது. அதுதான் இனிக் காணும், போதும் எண்டு வந்திட்டன்."

மரியம்மா மகனைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கனகசுந்தரத்தாரின் பக்கம் திரும்பினார்.

"மெய்யோ, தம்பி?"

 கனகசுந்தரத்தாருக்கு மரியம்மாவின் மேல் கோபம், சிறிலின் மேல் கோபம், வாளியில் இருந்த அந்த அரசரின் மேலும் கோபம்.

"ஓம்" என்றார்.

"அப்ப நடிச்சது காணும், ராசா" என்று மரியம்மா மகனின் முழங்காலைத் தடவினார். "நிண்டு நிண்டு கால் வீங்கியிருக்கும். நாநாட கடையில குந்தியிருந்து செய்யிற வேலையோ?"

"கொஞ்ச நேரம் நிக்கவும் வேணும். கொஞ்ச நேரம் இருக்கலாம்."

"அப்ப சரி."

சிறில் கந்தளாய்க்குப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையே ஸெய்னுதீன் நாநாவின் கடையில் கேத்தலைப் பிடித்தான். கடையில் சனம் நெரிந்தது. நடிகன் ஊற்றுகிற தேத்தண்ணி என்று தம்பலகாமத்தில் இருந்தெல்லாம் வந்தார்கள். பால் குளிப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சிறில், "கோடம்பாக்கத்தில குளிக்கத் தண்ணியே இல்லை" என்று உண்மையைத்தான் சொன்னான். சனம் கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டது, ஒவ்வொரு சொல்லையும் நம்பியது. இதையேதான் நான் ஏழு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தினேனே என்று கனகசுந்தரத்தார் மூலையில் இருந்து பொருமினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த புதுப்படம் வந்தது. லவுட்ஸ்பீக்கர் கார் ஒழுங்கையால் போனது. ஞாயிறு இரண்டு மணிக்குக் கனகசுந்தரத்தார் சட்டையைப் போட்டு, தலையைச் சீவி, வாசலில் நின்றார். இரண்டேகால் ஆயிற்று. ஒருவரும் தட்டவில்லை.

"எங்க வெளிக்கிட்டு நிக்கிறியள்?" என்று இராசமலர் கேட்டாள்.

"ஓரிடமும் இல்லை" என்று சீறிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். போய் நின்றது துறைமுகத்தடியில். கடையின் மர வாங்கு ஒன்றில் மரியம்மா இருந்தார். சிறில் தேத்தண்ணியை உயர்த்தி ஆற்றுவதை வாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, புதுப்படம் வந்திருக்கு. ரெண்டரைக்குத் தொடங்கிவிடும்" என்றார் கனகசுந்தரத்தார். ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

மரியம்மா மகனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க இனி ஆரைப் பாக்கிறது, தம்பி?" என்றார்.